மழைமலையில் மண் சுங்கான்: ஐந்து வருட அனுபவம்

என்னிடம் இப்போது இருப்பது ஒன்றரைச் சுங்கான். சுங்கான் என்றால் புகை பிடிக்கும் குழாய்: ஒரு முனையில் புகையிலை அடைக்கும் கிண்ணம், அதிலிருந்து வாய்க்கு வரும் காம்பு. ஐந்து வருடத்துக்கு முன் சித்திரை வருடப்பிறப்புக்கு லண்டனில் இருந்து வந்த சித்தப்பா மகன் மூன்று கொண்டுவந்தான். மூன்றும் மெருகு பூசாத வெள்ளைக் களிமண். ஒன்று ஒன்றரை அடி நீளம், மற்ற இரண்டும் குட்டை. நீளமானது இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான பொகவந்தலாவையின் மழையில் மூன்றாம் மாதமே போய்விட்டது. குட்டையில் ஒன்று இரண்டாம் வருடம் சிமெந்துப் படியில் விழுந்து காம்பு ஒடிந்தது. அதுதான் அந்த அரை. மிச்சமிருக்கும் ஒன்றைத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை பிடிக்கிறேன். புகையிலை கெடுதல் என்பதைச் சிகரெட் பக்கெட்டில் 80 வீத இடத்தில் படம் போட்டே சொல்லிவிட்டார்கள், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மரச் சுங்கானைப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மறக்க வேண்டும். மரத்தில் கிண்ணத்துக்குள்ளே கரி படியவிட்டுத்தான் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் மரம் பொசுங்கும். மண்ணுக்கு அந்தக் கவசம் வேண்டாம். மண்ணுக்கென்று தனி ருசி கிடையாது, அதனால் புகையிலையின் ருசி அப்படியே வரும். ஆனால் கிண்ணம் கொதிக்கும். அடியில் இருக்கும் சின்ன முளையையோ காம்பையோதான் பிடிக்க முடியும்.

வினை என்னவென்றால், மண் எல்லாவற்றையும் உறிஞ்சும். புகையின் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் புகை காய்ந்து சுகமாக வருகிறது, அதோடு சேர்த்து எண்ணெய்க் கறையையும் குடித்துவிடும். பத்துப் பன்னிரண்டு தடவைக்குள் காம்பு பழுப்பேறி, இழுக்கும்போது புளித்த கசப்பு வரும். யாழ்ப்பாணச் சுருட்டை உதிர்த்துப் போட்டுப் பார்த்த மாதம் நாலு தடவையிலேயே அந்த நிலைமை. சுருட்டு சுருட்டாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிரான்சில் ஒரு காலத்தில் மண் சுங்கான் பழுத்துக் கறுப்பதையே அழகென்று வளர்த்தார்களாம். பார்க்க எனக்கும் பிடிக்கும், நாக்குக்குத்தான் பிடிக்கவில்லை.

அன்றாடச் சுத்தம் சின்ன வேலைதான். ஆறிய பிறகு சாம்பலைக் கையில் கொட்டிவிட வேண்டும். எதிலாவது தட்டினால் உடையும். காம்புத் துளைதான் தொல்லை. ஹாரிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பழைய ஆங்கிலேயச் சுங்கான் துண்டுகளின் துளைகளை அளந்து, காலம் போகப் போகத் துளை சிறுத்து வந்திருக்கிறது என்று 1954இல் காட்டினார். 1600ஐ ஒட்டிய காலத்தில் அங்குலத்தை 64 பங்காக்கினால் 9 பங்கு, 1700களின் பிற்பாதியில் 4 பங்கு. என்னுடையது புதிதாகச் செய்தது, ஆனால் துளை அந்தப் பிந்திய காலத்து அளவு, ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். மரச் சுங்கானுக்கு விற்கும் பஞ்சுக் கம்பி பாதியில் சிக்கிக்கொள்ளும். விளக்குமாற்று ஈர்க்கை பிளேட்டால் சீவி மெல்லியதாக்கி விட்டால் நுனி வரை போகும். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். ஈர்க்கு உள்ளே முறிந்தால் அடுத்த தடவை நெருப்பில் வைக்கும்போது எரிந்து சாம்பலாகும். கம்பி சிக்கினால் சிக்கினதுதான். எனக்கு இரண்டு தடவை முறிந்தது, இரண்டு தடவையும் நெருப்பே எடுத்துக் கொடுத்தது.

ஆமாம், மண் சுங்கானுக்கு முழுச் சுத்தம் என்றால் நெருப்புத்தான். அந்தக் காலத்து ஆங்கிலேயச் சாராயக் கடைகளில் அழுக்கான சுங்கான்களை இரும்புத் தட்டியில் அடுக்கிப் போறணை அடுப்பில் வைத்து வெளுக்க வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் வாய் வைப்பதற்காக நுனியை ஒடித்துக் கொடுப்பார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இரண்டு நிமிடம் நெருப்பு காட்டினால் வேலை முடியும் என்று நானும் நினைத்துத்தான் நீளமானதைத் தொலைத்தேன்.

அது ஆனி மாத மழை. சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு இரவு மேசையில் வைத்துவிட்டு, காலையில் கேஸ் அடுப்பில் கிண்ணத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் இருக்காது, 'டப்' என்று ஒரு சத்தம், கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் மண்ணுக்குள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது. அது ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடித்தது. சவர்க்காரமும் தப்பு, மண் அதையும் குடிக்கும். இப்போது தண்ணீரே காட்டுவதில்லை.

கறையை விட ஈரம்தான் பெரிய எதிரி என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அலுமாரியில் வைத்தால் ஒரே வாரத்தில் கிண்ணத்துக்குள் பூஞ்சணம் பூக்கிறது. பண்டாரவளையில் இருக்கும் மச்சானிடம் குட்டையைக் கொடுத்து வைத்தபோது, ஆடி மாதத்திலும் ஜன்னலோரத்தில் இரண்டே நாளில் காய்ந்துவிட்டது. மலையின் அந்தப் பக்கம் அப்போது வரண்ட காற்று; எங்கள் பக்கம் விடாத தூறல். இங்கே அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் ஒரு வாரம் தொங்கவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க நாக்கு போதும். காய்ந்த மண் நாக்கில் ஒட்டும், ஈரமோ கறையோ நிறைந்தால் ஒட்டாது. சுடப்போகும் சுங்கான் கறையேறியது என்பதால், காம்பின் வெளுத்த பகுதியில்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

சுடுவதற்கு அம்மாவின் விறகடுப்பு. தேயிலைச் செடிகளை வெட்டிவிட்ட கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறுக் குச்சி எரிந்து ரொட்டி சுட்டு முடிந்ததும், தணல் மட்டும் நிற்கும் நேரத்தில் ஆரம்பிப்பேன். முதலில் அடுப்போரத்தில் அரைமணி நேரம் சூடேற விடுவேன். அப்புறம் தணல்மேல் ஓட்டை போட்ட தகர மூடியை வைத்து, அதில் சுங்கானைக் கிடத்தி, ஊதுகுழலால் மெதுவாக ஊதுவேன். ஐந்து நிமிடத்தில் கறுப்பாகிவிடும், கெட்டுவிட்டது என்று பயந்து எடுத்துவிடக் கூடாது. அது உள்ளே இருந்த கறை கரியாகி வெளியே வருவது. இன்னும் ஊதினால், விளக்கை அணைத்த குசினியில் கிண்ணம் மங்கிய சிவப்பாகத் தெரியும். அந்தச் சூட்டில்தான் கரி எரிந்து போகும். அதற்குக் குறைந்த சூடு கறையைப் புகைய வைக்கும், எரிக்காது. நாற்றம் வீடெல்லாம் பரவும். "ஏன்டா, இந்த அடுப்பு சோறாக்கவா, உன் சுங்கான் சுடவா?" என்று அம்மா கேட்பது ஒவ்வொரு தடவையும் உண்டு.

சிவந்ததும் எடுக்க மாட்டேன். சாம்பலை மேலே மூடி விடியும் வரை ஆறவிடுவேன். காலையில் சங்கு நிறத்தில் கிடக்கும், காற்றுப் போகாத இடத்தில் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறம். சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல நகத்தால் தட்டினால் 'கிண்' என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல். ஐந்து வருடத்தில் பதினேழு தடவை சுட்டாகிவிட்டது, இன்னும் 'கிண்' என்றுதான் கேட்கிறது.

சுட்ட மண் உதட்டிலும் ஒட்டும். முதல் தடவை சுட்டபின் அவசரப்பட்டுப் பிடித்து உதட்டுத் தோல் கிழிந்தது. நுனியில் ஒரு அங்குலத்துக்குத் தேன்மெழுகு உருக்கித் தேய்த்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவை சுடும்போதும் அது எரிந்துபோகும், மறுபடி பூச வேண்டும். மெழுகு துளையை அடைக்காமலிருக்க முதலில் ஈர்க்கைச் செருகி வைப்பது வழக்கம்.

ஒடிந்த அரையின் நுனியைச் சிமெந்துப் படியில் தேய்த்து மழுங்கடித்து வைத்திருக்கிறேன். ஒடிந்து குறுகிய காம்பில் புகை சூடாக வருவதால் அதைப் பிடிப்பதில்லை. தகர மூடியின் சூடு பதமா என்று பார்க்க முன்னால் வைக்கும் சோதனைத் துண்டு அதுதான். மறுபடி வாங்குவேனா என்றால், குட்டை மட்டும். நீளமானதைப் பஸ்ஸில் ஹட்டன் வளைவுகளில் கொண்டுபோகும் கவலை வேறு. லண்டன் தம்பியிடம் இரண்டு சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை சித்திரையில் வராமல் தையில் வரச் சொல்லி.