பெற்றோல் வரிசையில் பிறந்த யோசனையும் ஒரு பனங்கட்டிக் கடையும்

டொலர் இல்லாமல் இலங்கை தவித்த 2022 யூலையில் பெற்றோல் வரிசையில் நின்ற எல்லோரும் பொருளாதார நிபுணர்கள்தான். வெளிநாட்டுக் காசை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம், அனுப்பாமல் வங்கியால் அனுப்பினால் டொலர் சேரும் என்றார் ஒருவர். கோதுமை மாவை விட்டுக் குரக்கனுக்கும் (கேழ்வரகு) ஒடியலுக்கும் (காயவைத்த பனங்கிழங்கு) திரும்புவோம் என்றார் முன்னால் நின்ற அண்ணை. முதலாவது என் கையில் இல்லை. இரண்டாவதைச் செய்து பார்ப்போம் என்றுதான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போகத் தொடங்கினேன். உள்ளூர்ச் சாமான் மட்டுமே விற்கிறார்கள்.

பனங்கட்டிக்கு முழுப் புள்ளி. ஓலைப் பெட்டியான குட்டானைப் பிரித்ததுமே வாசம் வரும். நாக்கில் முதலில் இலேசான உப்பு, பிறகு இனிப்பு. வெறும் தேத்தண்ணிக்கு ஒரு துண்டு போதும்.

ஒடியல் மாவும் நல்லது. ஆனால் தண்ணீரில் ஊறவைத்துக் காறலை எடுக்க வேண்டும் என்று பைக்கற்றில் எழுதவில்லை. மகள் அப்படியே கரைத்துவிட்டாள். நண்டும் பலாக்கொட்டையும் போட்ட ஒரு பானைக் கூழ் கசந்து போனது.

குரக்கன் மா ஒருமுறை மண்ணாக நறநறத்தது. சொன்னதும், "அது போன கிழமைச் சாக்கு அண்ணை, வேற தாறன்" என்று கடைக்கார அக்கா மாற்றித் தந்தார்.

விலைதான் இடிக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் தினமும் குரக்கன் பிட்டு அவிக்கக் கட்டாது. கிழமைக்கு இரண்டு நாள் சரி. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தியது போல ஒரேயடியாக மாறச் சொல்ல மாட்டேன்.

மத்தியானத்துக்கு முன்பே போங்கள், பிறகு குட்டான் கிடைக்காது.