மண்டிக்கு பில் சாப்ட்வேர் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, ஆனால் ஏமாந்த கதையைச் சொல்லப் படிப்பு எதற்கு.

போன வருஷம் சீசனுக்கு முன்னால் கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெயர் எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். "முழுக்க எங்க ஆபீஸ்லயே எழுதினது அண்ணா" என்றார்கள். விவசாயி பெயர், எடை, கமிஷன், இறக்குக் கூலி, முன்பணம் எல்லாம் கழித்துச் சிட்டை அடித்துத் தரும். விலை 38,000 ரூபாய், இரண்டாவது கம்ப்யூட்டரில் போட 12,000 தனி, அப்புறம் வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க 6,000. ஆயிரம்கூடக் குறைக்கவில்லை. சொந்தச் சரக்கு, அப்படித்தான் இருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த ஜூனில், பெங்களூரா மாங்காய் வரத்து கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று ஸ்கிரீன் பூட்டிக்கொண்டது. வாசலில் நான்கு வண்டி நிற்கிறது, என்ன செய்ய, கட்டினேன். அடுத்த வாரமே கரண்ட் போய் வந்ததில் அது சிக்கிக்கொண்டு ஏதோ ஆங்கிலத்தில் ஒரு பெட்டி காட்டியது. போட்டோ எடுத்து ஓசூரில் வேலை செய்யும் அக்கா மகனுக்கு அனுப்பினேன்.

அவன் அதில் ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்தான். அந்த வரியை அப்படியே தேடினால், அதே பிழையோடு, நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு ஓப்பன் சோர்ஸ் நிரல், அதாவது யாரும் உள்ளே பார்த்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்தது. யாரோ ஒருவர் பல வருஷமாகச் செய்து, ஜிபிஎல் என்கிற நிபந்தனையுள்ள லைசென்ஸின் மூன்றாம் பதிப்பில் வெளியிட்டிருக்கிறார். இவர்கள் செய்தது லோகோ மாற்றி, தமிழில் பெயர் போட்டு, பூட்டு ஒன்று சேர்த்ததுதான். எழுதியவர் பெயரும் லைசென்ஸ் கோப்பும் மாயம்.

அப்போதும் எனக்குக் கோபம் சரியான இடத்தில் இல்லை. "சும்மா கிடைக்கிறதை விற்றானே" என்று கத்தினேன். "மாமா, விற்கிறது தப்பில்லை, ஜிபிஎல்லே என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றுதான் சொல்கிறது" என்றான் பையன். தமிழ்ப்படுத்தின உழைப்புக்கும், வந்து போட்டுத் தந்ததற்கும், போன் போட்டால் எடுப்பதற்கும் காசு வாங்கலாம், அதுவும் நியாயம். ஆனால் எழுதியவர் பெயரை எடுக்கக்கூடாது. லைசென்ஸ் வாசகத்தை வாங்குகிறவனுக்குக் கொடுக்க வேண்டும். நிரலை எழுதிய மூல வரிகளை, அதாவது சோர்ஸ் கோடை, கூடவே தரவேண்டும், இல்லையென்றால் குறைந்தது மூன்று வருஷம் கேட்டால் தருவதாக எழுத்தில் தரவேண்டும். ஓட்டவும் நகலெடுக்கவும் அந்த லைசென்ஸ் கொடுத்த உரிமையைப் பயன்படுத்த மேலே தனிக் கட்டணம் போடவே கூடாது. அதாவது என் 12,000 எதற்கு வாங்கினார்கள், 6,000 கட்டாவிட்டால் எதற்குப் பூட்டினார்கள்?

நேரில் போய்க் கேட்டேன். "நெட்ல சும்மா கெடக்கறதுக்கு யாருண்ணா சொந்தக்காரன்?" என்று சிரித்தார்கள். சந்தையில் கேட்பாரற்றுக் கிடக்கும் மூட்டையா அது? நம் நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் நிரலும் இலக்கியப் படைப்புக் கணக்கில்தான் வருகிறது. அமெரிக்காவில் பொம்மை ரயில் ஓட்டும் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் கோப்புகளைப் பெயரை நீக்கிவிட்டு எடுத்துக்கொண்ட விவகாரத்தில், இலவசமாகக் கொடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் பதிப்புரிமை வழக்குப் போடலாம் என்று 2008-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதே எம்ஐடி என்கிற இன்னொரு தளர்வான லைசென்ஸாக இருந்திருந்தால் சோர்ஸ் கேட்டிருக்க முடியாது. பெயரையும் லைசென்ஸ் வாசகத்தையும் மட்டும் வைத்திருந்தால் போதும், பூட்டுக்கூடப் போட்டுக்கொள்ளலாம். லைசென்ஸே எழுதாமல் நெட்டில் போட்டிருக்கும் கோடு என்றால் இன்னும் மோசம், அனுமதி கேட்காமல் எடுத்து விற்கவே கூடாது. அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே, உள்ளே யாருடைய கோடு இருக்கிறது, எந்த லைசென்ஸ், சோர்ஸ் கொடுப்பார்களா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என்னிடம் இருக்கிற பில்லில் "சாப்ட்வேர் - 1" என்று மட்டும்தான் இருக்கிறது.

பையன் மூல ஆசிரியருக்கு மெயில் போட்டான். பணம் வேண்டாமாம், பெயரைத் திரும்பப் போட்டு சோர்ஸைக் கொடுத்தால் போதுமாம், இவர்களுக்கும் எழுதிவிட்டார். முதல் தடவை என்றால் தெரிவித்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால், நிபந்தனையை மீறி இழந்த உரிமை திரும்பக் கிடைக்கும் என்று லைசென்ஸிலேயே இருக்கிறது. இன்றோடு 19 நாள். எனக்கு வந்தது ஒரு வாட்ஸ்அப்தான்: அடுத்த வருஷப் புதுப்பித்தலில் 500 ரூபாய் தள்ளுபடி.