கும்பப்பூ நெல்: செப்டம்பர் நடவா, அக்டோபர் நடவா? யூரியா இரண்டு தடவையா, நாலு தடவையா?

நாஞ்சில் நாட்டில் முதல் போகமான கன்னிப்பூ நெல்லை அறுத்த கையோடு தொளியடித்து (சேற்றுழவு செய்து), செப்டம்பர் நடுவிலேயே இரண்டாம் போகமான கும்பப்பூ நடுவது ஒரு வழி. கொஞ்சம் பொறுத்து அக்டோபர் முதல் பாதியில் நடுவது இன்னொன்று. அம்பை 16 போன்ற 110–115 நாள் ரகத்துக்கு அக்டோபர்தான் என் தேர்வு.

விதைத்து ஏறக்குறைய 80–85 நாளில் பூக்கும் ரகம் அது. 22 நாள் நாற்றைச் செப்டம்பர் 15-ல் நட்டால் பூப்பு நவம்பர் நடுவில், வடகிழக்குப் பருவமழைக்குள் மாட்டிக்கொள்ளும். முற்பகலில் பூ விரியும் நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் கழுவிப் போய்ப் பதர் கூடும். அக்டோபர் 10-ல் நட்டால் பூப்பு டிசம்பர் 10 வாக்கில், அறுப்பு பொங்கலை ஒட்டி. 135 நாளைத் தாண்டும் டிபிஎஸ் 3 ரகத்துக்கு மட்டும் செப்டம்பர் கடைசியே சரி. நவம்பருக்குத் தள்ளினால் ஆனைக்கொம்பன் ஈ வரும். நடுக்குருத்து வெங்காயத்தாள் போலக் குழலாகி, அந்தத் தூரில் கதிரே வராது. கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைவரம்பு ஏலாக்களில் (வயல்வெளிகளில்) தண்ணீர் விடும் முறையைப் பார்த்து ஒரு வாரம் முன்னே பின்னே ஆகலாம்.

தேதியை விட உரம்தான் பெரிய விஷயம். அடியுரத்தில் ஒரு மூட்டை, தூர் கட்டும்போது (பக்கக் கிளைகள் வெடிக்கும்போது) இன்னொரு மூட்டை என்று யூரியாவை முடித்துவிடுகிறார்கள். ஆள்கூலி மிச்சம்தான். ஆனால் நட்ட நாற்று வேர் பிடிக்குமுன் போட்ட யூரியாவில் பெரும்பங்கு அக்டோபர் மழையில் வரப்பைத் தாண்டிப் போய்விடும். இரண்டாவது மூட்டையை மொத்தமாக வாங்கிய பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து, குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கும் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் இடம் கொடுத்து, கதிர் பாரம் ஏறியதும் சாயும். சாய்ந்த நெல்லுக்கு அறுவடை எந்திரம் கூடுதல் நேரம் எடுக்கும், வாடகையும் ஏறும். ஈரத்தில் கிடந்த கதிர் முளைக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் மறுபடி களத்தில் உலர்த்த வேண்டும். சரியாக முற்றாத மணி அரவையில் குறுணையாகும்.

ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது சுமார் 104 கிலோ யூரியா. இதை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று 26 கிலோ வீதம் நாலாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆறரை கிலோ பொட்டாஷ் சேருங்கள். தண்டு உறுதிக்கு அது அவசியம். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) 33 கிலோ டிஏபி உரம் போட்டால் அதிலேயே 6 கிலோ தழைச்சத்து வந்துவிடும். அடியுர யூரியாவில் 13 கிலோ குறைத்துக்கொள்ளலாம்.

மேலுரத்துக்கு முன் இலை வண்ண அட்டையைப் பாருங்கள்; வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட அட்டை அது. பத்துக் குத்தில், முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை, உங்கள் நிழல் விழும்படி நின்று அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆறு இலையாவது 4-ஆம் பட்டைக்குக் கீழே இருந்தால் மட்டும் உரம். கதிர் வெளிவரும்போது இலை பச்சையாகவே இருந்தால் கடைசி 26 கிலோவை விட்டுவிடலாம். அந்த நேரத்தில் மிகுந்த தழைச்சத்து, கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலைநோயைத்தான் கூட்டும். கழுத்து கறுத்துக் கதிர் வெளுத்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

உரம் போடும் நாளில் தண்ணீரைச் சேறு தெரிய வடித்து, மடையை அடைத்து, இலையில் ஈரம் இல்லாதபோது வீசுங்கள். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் தள்ளிப்போடுவதே நல்லது.