கிராஃப்ட் பீரும் கம்பெனி பீரும்: போட்டி கோப்பையிலா, கடை அலமாரியிலா?

2015 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்துக்கு நடுவே பட்வைசர் பீர் ஒரு விளம்பரம் போட்டது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, சொட்டுச் சொட்டாக ருசிக்கிற ஆட்களை அது கிண்டல் செய்தது. பூசணியும் பீச் பழமும் போட்ட பீரை அவர்களே குடித்துக்கொள்ளட்டும், எங்கள் பீர் குடிப்பதற்கு, ஆராய்ச்சி செய்வதற்கல்ல என்ற தொனி. வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில நாள் முன்புதான் பட்வைசரின் தாய் நிறுவனமான ஏபி இன்பெவ், சியாட்டில் நகரின் எலீசியன் என்ற கிராஃப்ட் ப்ரூவரியை, அதாவது சிறிய, சுதந்திரமான பீர் ஆலையை, வாங்குவதாக அறிவித்திருந்தது. பூசணியும் பீச்சும் சேர்த்து பீர் காய்ச்சிய வரலாறு அந்த எலீசியனுக்கே உண்டு!

விளம்பரத்துறைக்கும் கம்பெனி வாங்கும் துறைக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ என்று அப்போது பலரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ இரண்டும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்தன என்று படுகிறது. பழைய வாடிக்கையாளர் போய்விடாமல் விளம்பரம் பிடித்துவைக்கிறது. போனவரை எலீசியன் வழியாகத் திரும்பப் பிடிக்கலாம். இந்தப் போட்டியை ருசிப் போட்டியாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ருசியில் இரு தரப்பும் அவரவர் இடத்தில் ஜெயிக்கின்றன. உண்மையான இழுபறி, பீர் கோப்பைக்கு வந்து சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

யார் சின்னவர்?

கிராஃப்ட் என்றதும் கொட்டகையில் இரண்டு நண்பர்கள் அண்டா வைத்துக் காய்ச்சுவதாக ஒரு படம் மனதில் வரும். அமெரிக்கச் சிறு ப்ரூவரிகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் வரையறையைப் பார்த்தால் அந்தப் படம் கலைந்துவிடும். ஆண்டுக்கு 60 லட்சம் பேரல் வரை காய்ச்சுகிறவர் அங்கே ‘சிறியவர்’. ஒரு பேரல் சுமார் 117 லிட்டர். பெருக்கினால் 70 கோடி லிட்டர். முன்பு வரம்பு 20 லட்சம் பேரல்தான். சாமுவேல் ஆடம்ஸ் பீரைத் தயாரிக்கும் பாஸ்டன் பீர் கம்பெனி அந்தக் கோட்டைத் தொடவிருந்த சமயத்தில், கோடு தள்ளிப் போடப்பட்டது.

இன்னொரு நிபந்தனை உடைமை பற்றியது. கிராஃப்ட் அல்லாத மது நிறுவனம் எதற்கும் அதில் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கக்கூடாது. காய்ச்சும் முறை பற்றியும் ஒரு விதி இருந்தது. பென்சில்வேனியாவில் 1829-ல் தொடங்கிய யிங்லிங் குடும்பத்து ப்ரூவரி, மக்காச்சோளம் சேர்க்கிறது என்பதற்காக அதன்படி வெளியே நின்றது. 2014-ல் விதி தளர்ந்ததும் உள்ளே வந்துவிட்டது. பீர் மாறவில்லை, ஆலை மாறவில்லை, ராத்திரியோடு ராத்திரியாகக் கிராஃப்ட் ஆகிவிட்டது.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கும், அதன் பிறகு பெரியவர்கள் சிறியவர்களை விழுங்கியதும் சேர்ந்து, 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் நூறு ப்ரூவரிகள்கூட மிஞ்சவில்லை. 1978-ல் வீட்டில் பீர் காய்ச்ச மத்திய அரசு அனுமதி தந்த பிறகு, அந்த வீட்டுக்காரர்களிடமிருந்து ஒரு தலைமுறை கிளம்பியது. இன்றைக்கு எண்ணிக்கை 9,000-க்கும் மேல். சின்னவர்களின் சங்கத்துக்கு ஒரு வேலி தேவைப்பட்டது; வேலியை எங்கே போட்டாலும் சண்டை வந்திருக்கும்.

கோப்பைக்குள்

முதலில் பட்வைசர் போன்ற கம்பெனி பீருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். மெல்லிய, வெளிர்நிற லாகர் ரக பீர் காய்ச்சுவது எளிது என்று நினைப்பவர்கள் காய்ச்சிப் பார்த்ததில்லை. லாகர் ஈஸ்ட் குளிரில் மெதுவாக வேலை செய்யும். புளித்த பிறகும் வாரக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். அதில் சின்னத் தப்பு நடந்தாலும் வெண்ணெய் வாடையோ வேகவைத்த சோள வாடையோ மேலே வந்து நிற்கும். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை அள்ளிப் போட்ட ஐபிஏ ரகத்திலும், கருக வறுத்த மால்ட் (முளைகட்டிய பார்லி) போட்ட கறுப்பு ஸ்டவுட் ரகத்திலும் இதே தப்பு ஒளிந்துகொள்ள இடம் உண்டு. லாகரில் இல்லை.

தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு, பார்லி வருஷத்துக்கு வருஷம் வேறு. அப்படியிருந்தும் பல ஊர் ஆலைகளிலிருந்து வருகிற ஒரே பெயர் பீர் ஒரே மாதிரி ருசிக்கிறது என்றால், அது பெரிய தொழில்நுட்பச் சாதனை. அந்தத் தொழில்நுட்பமும் பெரிய ஆலைகளின் ஆய்வகங்களில் வளர்ந்ததுதான். 1883-ல் டென்மார்க்கின் பீர் கம்பெனியான கார்ல்ஸ்பெர்க்கின் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். நிறுவனமும் அதை ரகசியமாகப் பூட்டிவைக்கவில்லை. அமில அளவைச் சொல்லும் பிஹெச் அளவுகோலும் 1909-ல் அதே ஆய்வகத்தில் பிறந்ததே. புள்ளியியல் படித்தவர்கள் எல்லோரும் கடந்துவந்த டி-சோதனை, கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-ல் வெளியிட்டது. இன்றைக்குச் சின்ன ப்ரூவரியில் நுண்ணோக்கி வழியே ஈஸ்டை எண்ணிக்கொண்டிருப்பவரும் அந்தக் கடனில்தான் நிற்கிறார்.

அரிசியும் மக்காச்சோளமும் போடுவது மட்டமான வேலை என்ற குற்றச்சாட்டும் அவ்வளவு நேர்மையானதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போன ஜெர்மானியர்களுக்கு அங்கே கிடைத்த பார்லியில் புரதம் அதிகம். பீர் கலங்கலாக வந்தது. தெளிவாக, லேசாக வர அரிசியும் சோளமும் உதவின. அப்புறம் கணக்குப்பிள்ளைகள் அந்த வழியில் தேவைக்கு மேல் தூரம் போய்விட்டார்கள், அது வேறு கதை. கெட்டியாகக் காய்ச்சிப் புளிக்கவைத்து, கடைசியில் ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரைச் சேர்த்து அளவுக்குக் கொண்டுவருவதும் பெருங்கம்பெனிகளின் வழக்கம். இருக்கிற தொட்டிகளிலேயே கூடுதல் பீர் எடுக்கிற வழி இது. கலப்படம் இல்லை, அழகான வேலை என்றும் சொல்ல மாட்டேன்.

சரி, சின்னவர்கள் எங்கே ஜெயிக்கிறார்கள்? பெரியவர்கள் கைவிட்ட எல்லா இடங்களிலும். பல பீர் வகைகளில் வெளிர் லாகர் மட்டும்தான் ஏறக்குறைய மிஞ்சியது என்ற நிலைமைக்கு அமெரிக்கா வந்திருந்தது. 1965-ல் ஃபிரிட்ஸ் மேடேக், மூடும் நிலையில் இருந்த சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரியை வாங்கி நிமிர்த்தினார். கலிஃபோர்னியாவின் சிகோவில் கென் கிராஸ்மன் 1980-ல் சியரா நெவாடா பேல் ஏல் என்ற பீரைக் காய்ச்சியபோது, 1972-ல் வெளிவந்த காஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸின் கிச்சிலி மணத்தை முன்னால் நிறுத்தினார். கசப்பையும் வாசனையையும் குறைத்துக்கொண்டே வந்த தொழிலில் இது எதிர்த்திசை. பெருங்கம்பெனிகளிடம் ஆள் இருந்தது, அறிவு இருந்தது, ஹாப்ஸ் வாங்கப் பணமும் இருந்தது. யாருக்கும் பிடிக்காமல் போய்விடக்கூடாது என்ற பயம்தான் கையைக் கட்டிப்போட்டது.

ஆனால் அந்த மணம் நிற்காது. ஹாப்ஸ் தூக்கலான பீரில் வாசனை சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும். வெக்கையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். பெரும்பாலான கிராஃப்ட் பீர்கள், கெடாமலிருக்கச் சூடாக்கி பாஸ்சரைஸ் செய்யப்படுவதில்லை. காய்ச்சிய இடத்திலேயே குழாயில் பிடித்துக் குடித்தால் ராஜா. ஆயிரம் கிலோமீட்டர் லாரியில் வந்து கடையில் மூன்று மாதம் வெளியே நின்ற அதே ஐபிஏ, ஈர அட்டைப்பெட்டி ருசியில் இருந்தாலும் இருக்கும். அப்போது பக்கத்திலிருக்கும் கம்பெனி லாகரே மேல். அதே கம்பெனிகள், பார்க்க அழகாக இருக்கிறதே என்று பச்சைக் கண்ணாடியிலும் நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடியிலும் பீர் விற்பது மட்டும் மன்னிக்க முடியாதது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாறும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? பழுப்புப் பாட்டில் போதும். மில்லர் நிறுவனம் வெள்ளைப் பாட்டிலை விட மனமில்லாமல், வெளிச்சத்தைத் தாங்கும்படி மாற்றிய ஹாப்ஸ் சாற்றையே பயன்படுத்துகிறது.

விலை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன ஆலையில் லிட்டருக்கு ஆகும் ஆள்கூலி, மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் எல்லாமே கூடுதல். மொத்தக் கொள்முதல் தள்ளுபடியும் இல்லை. அமெரிக்க அரசு வரியில் கொஞ்சம் கை கொடுக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் பேரலுக்கு மிகாமல் காய்ச்சுகிறவருக்கு முதல் 60,000 பேரலுக்கு, பேரலுக்கு 3.50 டாலர் கலால் வரி. பெரியவர்களுக்கு முதல் 60 லட்சம் பேரலுக்கு 16 டாலர், அதற்கு மேல் 18. இருந்தும் விலையில் இவர்களால் அவர்களை நெருங்க முடியாது. விலை மட்டுமே முக்கியம் என்பவருக்கு இந்த ஒப்பீடு தேவையே இல்லை.

அலமாரியில் யார் இடம்?

மதுவிலக்குக்கு முன்னால் அமெரிக்க ப்ரூவரிகள் பல பார்களைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தன. அங்கே அவர்கள் பீர் மட்டும்தான் ஓடும். அதைத் தடுக்க, 1933-க்குப் பிறகு பல மாநிலங்கள் தொழிலை மூன்று அடுக்காகப் பிரித்தன. காய்ச்சுகிறவர், மொத்த விநியோகஸ்தர், சில்லறைக் கடைக்காரர். பெரும்பாலான இடங்களில் காய்ச்சுகிறவர் நேராகக் கடைக்குப் போட முடியாது. விநியோகஸ்தரின் லாரியில் ஏறியாக வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த லாரியில் முக்கால்வாசி ஒரே கம்பெனிச் சரக்கு என்றால், மிச்சத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்?

1990-களிலேயே, பட்வைசரைத் தயாரித்த ஆன்ஹைசர்-புஷ், தன் சரக்கை மட்டுமே தூக்குகிற விநியோகஸ்தர்களுக்குச் சலுகை காட்டியது. 2015-ல் ஏபி இன்பெவ் இன்னொரு ஊக்கத் திட்டம் கொண்டுவந்தது. விற்பனையில் 98 சதவீதம் தங்கள் பீராக இருக்கும் விநியோகஸ்தருக்கு, விளம்பரச் செலவில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதாக ஏற்பாடு. மறுவருடம் 100 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து, போட்டி பீர் நிறுவனமான எஸ்ஏபி மில்லரை அது வாங்க அனுமதி கேட்டபோது, அமெரிக்க அரசின் நீதித்துறை இந்த மாதிரித் திட்டங்களுக்குத் தடை போட்ட பிறகுதான் வழிவிட்டது.

கடைக்குள் இன்னொரு கூத்து. எந்த பீர் கண் மட்டத்தில், எது கால் மட்டத்தில் என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையைப் பல பெரிய கடைகள் அங்கே அதிகம் விற்கும் நிறுவனத்திடமே ஒப்படைக்கின்றன. கேட்டகரி கேப்டன் என்று பெயர். பரீட்சை எழுதுகிறவரே கேள்வித்தாளும் தயாரிக்கிற மாதிரி.

இந்த இடத்தில் என் ஓட்டு முழுக்கச் சின்னவர்களுக்கு. ருசியில் தோற்றால் திருத்திக்கொள்ளலாம். அலமாரிக்கே வராத பீரை யார் ருசித்து யார் திருத்துவது?

வாங்கிப் போடும் வித்தை

ஜெயிக்க முடியாதவரை வாங்கிவிடுவது பழைய வழி. 2011-ல் சிகாகோவின் கூஸ் ஐலண்டை ஏபி இன்பெவ் 38.8 மில்லியன் டாலருக்கு வாங்கியது. வாடிக்கையான ஐபிஏ போன்றவை கம்பெனியின் பெரிய ஆலைகளுக்கு மாறின. எளிதாகக் கிடைக்கவும் செய்தன. ஆய்வகம் பெரிது என்பதால் தப்பே நடக்காது என்றும் இல்லை. போர்பன் விஸ்கிப் பீப்பாயில் ஊறவைக்கும் அவர்களது பெயர்பெற்ற ஸ்டவுட்டின் 2015 சரக்கில் ஒரு பகுதியைப் பாக்டீரியா புளிக்கவைத்துவிட, பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

வாங்காமலேயே வேஷம் கட்டுவதும் உண்டு. 1995-ல் பெருங்கம்பெனியான கூர்ஸ் உருவாக்கிய ப்ளூ மூன் பீரின் லேபிளில் கூர்ஸ் பெயரைத் தேடினால் கிடைக்காது. கிராஃப்ட் என்று ஏமாற்றுகிறார்கள் என 2015-ல் ஒரு வழக்கு வந்தது, தள்ளுபடியானது. அதனால்தான் 2017-ல் ப்ரூவர்ஸ் அசோசியேஷன், தலைகீழ் பாட்டில் படத்துடன் ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது. அந்த முத்திரை உடைமையைச் சொல்லும்; பீர் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதில் கிராஃப்ட் ரசிகர்கள் கெட்டிக்காரர்கள்.

சின்னவர்களும் காசு பார்த்தால் மசிபவர்கள்தான். சான் டியாகோவின் பாலஸ்ட் பாயிண்ட் 2015-ல் சுமார் 1 பில்லியன் டாலருக்கு கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மது நிறுவனத்தின் கைக்குப் போனது. நான்கு வருடத்தில் பெயரே கேள்விப்படாத ஒரு குட்டி ப்ரூவரிக்குக் கைமாறியது. தன் பெயரோடு குழப்பம் வரும்படி செய்ததாக, மில்லரும் கூர்ஸும் இணைந்த மில்லர்கூர்ஸ் மேல் வழக்குப் போட்ட ஸ்டோன் ப்ரூவிங்குக்கு 2022-ல் ஜூரி 56 மில்லியன் டாலர் இழப்பீடு அறிவித்தது. அதே வருடம் ஸ்டோன் ஜப்பானின் பீர் கம்பெனியான சப்போரோவிடம் விலை போனது. மேடேக் காப்பாற்றிய ஆங்கரையும் 2017-ல் வாங்கியது சப்போரோதான். 2023-ல் அதை மூடியது. மறுவருடம் வேறொருவர் வாங்கினார். ஏபி இன்பெவ்வே 2023-ல் தன்னிடமிருந்த எட்டு பிராண்டுகளை டில்ரே என்ற நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. வாங்கியவர் யாராக இருந்தாலும், அடுத்த கணக்குவழக்கு சரியில்லை என்றால் ருசிக்குக் காவல் இல்லை.

அப்படியானால் எதை எடுப்பது?

லேசான லாகர்தான் வேண்டும் என்றால் கம்பெனி பீரை எடுங்கள், பழுப்புப் பாட்டிலிலோ கேனிலோ. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐபிஏ என்றால் பக்கத்தில் காய்ச்சியது, குளிரில் வைத்தது, தேதி புதியது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வைத்துவிடலாம். கனத்த ஸ்டவுட், பீப்பாயில் ஊறியது, புளிப்பு ரகம் எல்லாவற்றிலும் சின்னவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவேன். இரண்டும் சேர்ந்த ஆள் வேண்டுமென்றால் சியரா நெவாடா இருக்கிறது. நாட்டின் இரண்டு முனைகளிலும் பெரிய ஆலை, சொந்த ஆய்வகம், இன்னமும் குடும்பத்தின் கையில்.

சந்தையோ வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. 2024-ல் அமெரிக்காவில் திறந்த கிராஃப்ட் ப்ரூவரிகளைவிட மூடியவை அதிகம். அதற்கு முந்தைய வருடம், வெகுகாலமாக விற்பனையில் முதலிடத்திலிருந்த பட் லைட்டும் அமெரிக்கக் கடைகளில் கீழே இறங்கியது. இறக்கியது கிராஃப்ட் பீர் இல்லை, மொடேலோ எஸ்பெஷல் என்ற மெக்சிகோ லாகர். அதை உருவாக்கிய நிறுவனமே ஏபி இன்பெவ்வுக்குச் சொந்தம். ஆனால் ஏகபோகத் தடை வழக்கின் சமரசப்படி 2013-ல் அமெரிக்க உரிமையைக் கான்ஸ்டலேஷனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதால், அந்த விற்பனையில் ஒரு டாலர்கூட அவர்கள் கணக்கில் ஏறவில்லை.