மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் இலவசப் பிரிவு: பெரியம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சை அனுபவம்

எழுபது வயதைக் கடந்த என் பெரியம்மாவுக்கு இரு கண்களிலும் புரை முற்றி, அடுப்பில் பால் பொங்குவதை ஓசையை வைத்தே அறிய வேண்டிய நிலை வந்தபோது, முதலில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குத்தான் அழைத்துப் போனோம். கண்ணைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே, புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களின் விலைப் பட்டியலை நீட்டினார்கள். "இருக்கிற வெளிச்சத்துலயே காலத்தை ஓட்டிக்கிறேன்யா" என்று பெரியம்மா எழுந்துவிட்டார். சில மாதங்களுக்குப் பின், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த அரவிந்த் மருத்துவமனையின் இலவச முகாமுக்கு அவரைச் சம்மதிக்க வைத்தோம்.

முகாமில் யாரும் வருமானச் சான்று கேட்கவில்லை. ஏழை என்று நிரூபித்துக் காட்டிய பிறகே சிகிச்சை என்றால், சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய முடியாதவர்களே முதலில் விடுபட்டுப் போவார்கள். அதனால் இந்த ஒன்றையே இம்மருத்துவமனையின் முதல் சிறப்பாகச் சொல்வேன். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டவர்களைப் பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள்.

முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் பல்லாயிரம் கண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை இது. பணம் செலுத்துவோரின் கட்டணமே இலவசப் பிரிவைத் தாங்குகிறது. இரு பிரிவுகளிலும் அதே மருத்துவர்கள் முறைவைத்துப் பணியாற்றுகிறார்கள். ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் இன்னொருவரை ஆயத்தப்படுத்திவிடுவதால் மருத்துவரின் நேரம் வீணாவதில்லை, செலவும் குறைகிறது.

அப்படி அடுத்த மேசையில் காத்திருந்த நேரத்தைப் பற்றித்தான் பெரியம்மா இன்றும் பேசுகிறார். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து இங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்கள்தான் பெரும்பாலும் அங்கே துணைப் பணியாளர்கள். "பாட்டி, தலையை ஆட்டாம படுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று அவர்களில் ஒருவர் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னதும் பாதி பயம் போய்விட்டதாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டிக்கு, தன் கண்ணில் என்ன செய்யப்போகிறார்கள் என்பது தன் மொழியில் விளங்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டணப் பிரிவில் தனியறை, இலவசப் பிரிவில் பொதுக்கூடம் என்ற வேறுபாடு எனக்குக் குறையாகப் படவில்லை. லென்ஸைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். கட்டணப் பிரிவில் இயந்திரத்தால் புரையை உடைத்து உறிஞ்சி, மடக்கக்கூடிய லென்ஸ் வைக்கிறார்கள். இலவசப் பிரிவில் பெரும்பாலும் கையாலேயே சிறு கீறல் வழியாகப் புரையை எடுத்து, தையலின்றி, மடங்காத லென்ஸ் வைக்கிறார்கள். ஆனால் முற்றிய புரை உள்ளவர்களிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு நேபாளத்தில் நடத்திய, 2007-இல் வெளியான ஆய்வில் இரண்டுமே நல்ல பார்வையைத் தந்தன. இறக்குமதி லென்ஸ் எட்டாத விலையில் இருந்த காலத்தில், 1992-இல் அரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடத்தை நிறுவி லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியிராவிட்டால், பெரியம்மா போன்றவர்களுக்குத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடிதான் கிடைத்திருக்கும்.

முகாமே எல்லோரையும் எட்டிவிடாது. தமிழகக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கண் குறையுள்ளவர்களில் ஏறக்குறைய 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தார்கள். பயமும் குடும்பப் பொறுப்பும் மற்றவர்களைத் தடுத்தன. பெரியம்மாவின் பக்கத்து வீட்டு அக்காவும் ஆடுகளை யார் பார்ப்பது என்று கேட்டு அன்று பேருந்தில் ஏறவில்லை. இத்தகையோருக்காகச் சிற்றூர்களுக்கு அருகிலேயே பார்வை மையங்களை அமைத்து, காணொளி வழியே மருத்துவர் ஆலோசனை தருகிறார்கள். பெரியம்மாவின் இரண்டாவது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறோம். அந்த அக்காவையும் அதற்கு முன் பார்வை மையத்துக்குத் தானே கூட்டிப் போவதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார்.