வெள்ளத்தில் மூழ்கிய படகு, புதுப் பூச்சு: முதல் மோட்டார் படகு வாங்குவோர் கவனத்திற்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய படகுகளை வாங்கி விற்கும் ஒரு முற்றத்தில், 2025 பிப்ரவரியில் ஆறரை லட்சம் ரூபாய் கொடுத்து நான் வாங்கிய பதினெட்டடி ஃபைபர் படகு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் மூழ்கிக் கிடந்த படகு என்பது ஏழு வாரங்கள் கழித்தே எனக்குத் தெரிய வந்தது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் எதை எப்படி மறைத்தார், பணம் கொடுப்பதற்கு முன் எங்கெங்கே பார்த்திருந்தால் அது வெளிப்பட்டிருக்கும் என்பதையே எழுதுகிறேன். குடும்பத்தோடு கடலில் போய்வர ஒரு படகு வேண்டும் என்று பல ஆண்டுகள் பணம் சேர்ப்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்காவது இது உரிய நேரத்தில் கண்ணில் பட வேண்டும்.

நானும் என் மைத்துனரும் ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தோம். வெள்ளை நிற உடல், அடிப்பாகத்தில் புதிய நீலப் பூச்சு, புதிதாகத் தைத்த இருக்கைகள், பின்னால் 60 குதிரைத்திறன் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். குழாய்த் தண்ணீரை மோட்டாரின் அடிப்பகுதியில் இணைத்து, சாவியைத் திருப்பியதும் ஒரே முறையில் ஓட வைத்துக் காட்டினார்கள். மேல்மூடியைத் தொட்டபோது ஏற்கெனவே இளஞ்சூடாக இருந்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் வருவதற்குச் சற்று முன்னர் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் கிளம்பத் திணறும் மோட்டார், சூடேறிய பிறகு நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ஆகவே பார்க்கப் போகும் நாளில் நீங்கள் வரும்வரை மோட்டாரை ஓட்டக் கூடாது என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள், போனதும் கையை வைத்துப் பாருங்கள். தவிர, தரையில் நிற்கும் மோட்டாருக்குச் சுமை எதுவும் இல்லை. சுமை இல்லாமல் ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்து அதன் நலத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

தண்ணீரில் இறக்கிக் காட்டுங்கள் என்று நான் கேட்கத்தான் செய்தேன். அன்று கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்றார்கள், கரையில் இறக்க டிராக்டர் கிடைக்காது என்றார்கள், திங்கட்கிழமை புதுச்சேரியிலிருந்து ஒருவர் முழுப் பணத்தோடு வருகிறார் என்றார்கள். மோட்டாரின் பழைய பில்லைக் காட்டினார்கள், மோட்டாரைப் படகோடு பிணைக்கும் தாங்கிச் சட்டத்தில் உள்ள எண்ணோடு அது சரியாகப் பொருந்தியது. எண் பொருந்துகிறது என்ற ஒரே நிம்மதியில் ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்தேன், நான்காம் நாள் மீதியையும் கொடுத்தேன். திருட்டு மோட்டார் இல்லை என்பதற்கு மட்டுமே அந்த எண் சாட்சி, அது எங்கே கிடந்தது என்பதைக் காகிதம் சொல்லாது.

மார்ச் மாதத்தில் கோவளம் கரையிலிருந்து முதல் முறையாக இறக்கினோம். என் மகளும் உடன் வந்தாள். எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தோம் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு ஆறுகிறது. படகு எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக மிதந்தது. முழு வேகத்தில் இந்த வகை மோட்டார் பொதுவாக நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுழற்சி வரை எட்ட வேண்டும், முள் 3900ஐத் தாண்டவில்லை. இருபது நிமிடத்தில் வெப்ப எச்சரிக்கை ஒலி எழுந்தது, மோட்டார் தானாகவே வேகத்தைக் குறைத்துப் பிறகு நின்றே போனது. காற்று எங்களை மெல்லக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போயிற்று. வலையிழுத்துத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் கயிறு கட்டிக் கரைசேர்த்தார்கள், பெட்ரோல் செலவைத் தவிர ஒரு பைசாவும் வாங்கிக்கொள்ளவில்லை.

மோட்டாரை நகருக்குள் ஒரு பழுதுபார்க்கும் கடையில் விட்டேன். குளிர்நீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர், வெப்பத்தைச் சீராக்கும் தெர்மோஸ்டாட், கியர் ஆயில் மூன்றையும் மாற்றியதாக 38,500 ரூபாய்க்கு பில் போட்டார்கள், பழைய பாகங்களைக் கேட்டபோது குப்பையில் போய்விட்டது என்றார்கள். அடுத்த முறை கரைக்கு அருகிலேயே ஓட்டிப் பார்த்தேன், பதினைந்தாம் நிமிடத்தில் அதே ஒலி. அன்று எங்களை இழுத்துவந்த மீனவர்களில் மூத்தவர் மோட்டார் வேலை நன்கு அறிந்தவர். "அண்ணே, ஒருமுறை திறந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். அடிப்பாகத்தைக் கழற்றியதும் அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இம்பெல்லரை என் கையில் வைத்தார். ரப்பர் இறகுகளில் ஒன்று அறுந்து போயிருந்தது, மற்றவை வளைந்து இறுகிக் கிடந்தன. புதிதாக மாற்றிய பாகம் ஒரு வாரத்தில் அப்படி ஆகாது. அறுந்த துண்டு மேலே குளிர்நீர் போகும் வழியில் அடைத்துக்கொண்டிருந்தது. கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வடிந்தது. புரொப்பல்லர் அச்சில் தூண்டில் நரம்பு சுற்றி, நீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்திருந்ததால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. ஆயிலை உண்மையில் மாற்றியிருந்தால் அப்போதே அந்தக் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும்.

பிறகு அந்த மீனவர், மோட்டாரின் உச்சியில் சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே, ஒயர்கள் இணையும் இடங்களில், சாம்பல் நிறத்தில் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. மழைத் தண்ணீர் அங்கே வண்டலைக் கொண்டுபோய் வைக்காது. "சார், இது தண்ணி குடிச்ச மோட்டார்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு முழு நாள் அந்தப் படகை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். மோட்டார் தொங்கும் பின்பலகையை ஸ்பேனரின் பிடியால் தட்டினார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்ட ஒலி, இரண்டு போல்ட்டுகளைச் சுற்றி மொத்தென்று செத்துப்போயிருந்தது. ஃபைபர் படகு என்று சொன்னாலும் பெரும்பாலான படகுகளில் பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட், அது ஊறி அழுகினால் வெளியிலுள்ள ஃபைபர் பளபளப்பாகவே இருக்கும். அதன்மேல் நூறு கிலோவுக்கும் அதிகமான மோட்டார் தொங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அரிப்பு மற்ற உலோகங்களைத் தாக்காமல் தான் கரைந்து காப்பதற்காக மோட்டாரில் பொருத்தப்படும் ஆனோடு கட்டிகளின் மேலும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் மூடிய ஆனோடு வேலையே செய்யாது, மோட்டாரைப் பற்றி எதுவும் அறிந்தவர் அதன்மேல் தூரிகையை வைக்க மாட்டார். இருக்கைக்கு அடியில் தளத்தைச் சிறிது வெட்டியபோது மிதப்புக்காக நிரப்பியிருந்த நுரை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது, அதில் கச்சா எண்ணெய் நாற்றம் அடித்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பியதைச் சென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடிப்பாகத்து நீலப் பூச்சு அந்தக் கறையை மறைக்கத்தான் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. எப்போதும் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்குத்தான் பாசித்தடுப்புப் பூச்சு தேவை, டிரெய்லரில் நிற்கிற படகுக்கு எதற்கு என்று அன்றே நான் கேட்டிருக்க வேண்டும்.

பழைய பில்லில் இருந்த பெயரைக் கொண்டு முதல் உரிமையாளரைக் கண்டுபிடித்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. படகு இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது, மோட்டாரோடு சேர்த்துத் தொண்ணூறாயிரத்துக்கு அந்த முற்றத்துக்கே கொடுத்துவிட்டேன், மூழ்கியது என்று சொல்லித்தான் கொடுத்தேன் என்றார். மூழ்கிய மோட்டாரை உடனே வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிச் சில மணி நேரத்துக்குள் ஓட்டினால் காப்பாற்ற வழி உண்டு. உப்பும் சேறும் கலந்த நீரோடு நாள்கணக்கில் கிடந்தால் பேரிங்குகளும் சிலிண்டர் சுவர்களும் துரு ஏறிவிடும். என் மோட்டாரின் நான்கு சிலிண்டர்களில் மூன்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, நான்காவதில் கால் பங்கு குறைந்திருந்தது. பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தாலே அந்த மோட்டாரை விட்டு விலகிவிட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு அழுத்தமானியும் அரை மணி நேரமும் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. படகை டிரெய்லரோடு ஏதாவது ஒரு லாரி எடை மேடையில் ஏற்றுங்கள், பிறகு வெறும் டிரெய்லரை ஏற்றிக் கழித்துக்கொள்ளுங்கள். என் படகைக் கட்டியவர்கள் குறித்திருந்த உடல் எடையும் மோட்டாரின் எடையும் சேர்ந்து வரவேண்டியதற்கு மேல் 210 கிலோ இருந்தது. அத்தனையும் தளத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீர். ரூபாய் சில நூறில் முடிகிற வேலை.

நல்ல படகே கிடைத்தாலும் கடல் நீர் அதைத் தின்றுகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு முறை திரும்பியதும் பத்துப் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீர் விட்டு மோட்டாரை ஓட்ட வேண்டும், ஆனோடு பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அது கடற்கரை ஈரத்தை இழுத்துக்கொண்டு தொட்டியின் அடியில் நீராகப் பிரியும். ஆகவே வாரக்கணக்கில் ஓட்டாத தொட்டியில் பெட்ரோலை நிறுத்தி வைக்காதீர்கள், நீர் பிரிக்கும் வடிகட்டி இல்லாமல் ஓட்டாதீர்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி என்னிடம் இருந்திருந்தால் 38,500 ரூபாய்க்காக இரண்டு மாதம் அலைந்திருக்க மாட்டேன். கடைசியில் கடைக்காரர் இருபதாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

படகு விற்றவர் எதையும் கொடுக்கவில்லை. "இருக்கிற நிலையில் விற்பனை" என்று ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைக் காட்டுகிறார். ஆனால் ஆறரை லட்சத்தில் நான்கு லட்சத்துக்கு மட்டுமே ரசீது, மீதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தேன், பிறகு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆணையத்துக்குப் போனேன். இத்தகைய புகாருக்குச் சட்டம் தரும் காலம் 2 ஆண்டுகள், கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். ஒன்றை மறவாதீர்கள்: தொழிலாக விற்பவரிடமோ கடையிடமோ ஏமாந்தால்தான் இந்த வழி, தன் சொந்தப் படகை விற்கும் தனிமனிதரிடம் வாங்கினால் வேறு வழிதான் தேட வேண்டும். முழுத் தொகைக்கும் ரசீது வாங்குங்கள், படகோ மோட்டாரோ ஒருபோதும் நீரில் மூழ்கியதில்லை என்று விற்பவர் கையெழுத்திட்டுத் தரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் ஓட்டப்போகும் இயந்திரப் படகு என்றால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

போன வாரம் அந்த முற்றத்தின் வழியாகப் போனேன். வெளியே சாலையை ஒட்டி மேலும் இரண்டு ஃபைபர் படகுகள் டிரெய்லரில் நிற்கின்றன. இரண்டின் அடிப்பாகத்திலும் அதே நீலப் பூச்சு. ஒன்றின் மோட்டாரில், அடிப்பாகத்து ஆனோடு கட்டியின்மேல் பெயின்ட் சொட்டி உறைந்திருப்பது சாலையிலிருந்தே தெரிகிறது.