ஃப்ளூ பெருந்தொற்றுக்கு முன்னேற்பாடு: மாத்திரையா, ஊசியா, சம்பள விடுப்பா?

திருப்பூரில் 100 பேர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி ஒன்று. அடுத்த இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றுக்கென்று முதலாளி கொஞ்சம் பணம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதில் போடலாம்?

சட்டென்று தோன்றுவது ஃப்ளூ கிருமிக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரையை வாங்கி அடுக்குவது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அறிகுறி தெரிந்து 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கவும் கூடாது. காலாவதித் தேதி வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

தடுப்பூசி முகாம் இதைவிட மேல். ஆனால் வருடாந்தர ஊசி ஏற்கெனவே உலவும் கிருமிக்கானது. 2009இல் புதிய எச்1என்1 கிருமியை ஏப்ரலில் கண்டுபிடித்தார்கள். ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. அமெரிக்காவிலேயே அதற்கான ஊசி அக்டோபரில்தான் வந்தது. அதுவரை கம்பெனி ஓட வேண்டுமே?

அங்கேதான் சம்பள விடுப்பு முந்துகிறது. ஷிப்டுக் கணக்கிலோ பீஸ் ரேட்டிலோ கூலி வாங்குகிறவர் காய்ச்சலோடும் பவர் டேபிளில் (தையல் மெஷினில்) வந்து உட்காருவார். சனிக்கிழமைச் சம்பளம் குறையும் என்ற பயம். ஃப்ளூ அதிகம் பரவுவதோ நோயின் முதல் மூன்று நாளில். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தரும் நோய்க்கால உதவித்தொகை கூலியில் 70 சதவீதம். அதுவும் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஆள் கட்டாயம் அறையில் இருக்க வேண்டிய நாளுக்குத்தான் காசில்லை! அந்த இரண்டு நாள் கூலியையும் மீதி 30 சதவீதத்தையும் கம்பெனி போட வேண்டும். இஎஸ்ஐ இல்லாத காண்ட்ராக்ட் ஆட்களுக்கு முழுக்கூலி. செலவுதான். ஒரு தையல் லைனே படுத்து, கப்பலைத் தவறவிட்டு, சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்றும் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அறிகுறி தெரிவதற்கு ஒருநாள் முன்பே ஃப்ளூ பரவத் தொடங்கும் என்பதால் விடுப்பு மட்டும் போதாது. ஆட்களை இரண்டு பேட்ச்சாகப் பிரிப்பதும் தேவை. மெஷின் வாரியாகப் பிரித்துவிட்டு, ராத்திரி எல்லோரையும் ஒரே ஹாஸ்டல் அறையில் படுக்கவைத்தால் பிரித்ததே வீண். அறை வாரியாக, வேன் வாரியாகப் பிரிக்க வேண்டும்.

கடுமையான பெருந்தொற்றின் உச்சத்தில் 40 சதவீதம் பேர் வரை வேலைக்கு வராமல் போகலாம் என்று 2006இல் அமெரிக்க அரசு திட்டமிட்டது. டெய்லர் பத்துப் பேர் வராவிட்டாலும் மெதுவாகவாவது துணி நகரும். இருக்கிற ஒரே கட்டிங் மாஸ்டர் படுத்தால் அன்றைக்கே நின்றுவிடும். ஆர்டர் குறைந்த மாதத்தில் அவர் வேலைக்கு இன்னொரு ஆளைப் பழக்கிவிடலாம்.